டிரைவர் பக்கம் நாலு நூல்

1. பூட்டிய ஷெட்

காலை எட்டு மணிக்கு டேப்பைப் பிடித்து அளந்தேன். முந்தின நாள் சாயங்காலம் இரண்டு பக்கமும் சரிசமமாக நிறுத்திவிட்டுப் போன வண்டி, டிரைவர் பக்கம் நாலு நூல் இறங்கியிருந்தது. நூல் என்றால் எங்கள் தொழிலில் ஒரு இன்ச்சில் எட்டில் ஒரு பங்கு. நாலு நூல் அரை இன்ச். டயரில் காற்று சரியாக இருந்தது. தரை சிமெண்டுத் தரை. ஷெட்டுக்குப் பூட்டு, வண்டிக்குப் பூட்டு, இரண்டு சாவியும் வீட்டுக்கார அம்மாவின் இடுப்பில்.

"யாராவது உள்ள வந்தாங்களா மாமி?"

"யார் வரப்போறா? அவர்தான் உக்காந்துண்டிருக்கார்" என்றார் அலமேலு மாமி. காபியை ஆற்றிக்கொண்டே, பால்காரன் வந்துவிட்டுப் போனான் என்பது போலச் சொன்னார். அவர் கணவர் சாமிநாதன் சார் இறந்து அப்போது ஒரு வருஷம் முடிய இரண்டு நாள் பாக்கி.

முப்பத்தொரு வருஷம் சஸ்பென்ஷன் வேலை பார்த்தவன் நான். என்னைச் சந்திக்கிற புது மெக்கானிக்குகள் நான் பிரமாதமாகச் செய்த வேலைகளைத்தான் கேட்கிறார்கள். அவற்றைச் சொல்வதில் யாருக்கும் லாபம் இல்லை. நான் சொதப்பிய வேலை ஒன்று உண்டு. தொண்ணூறுகளின் நடுவில், கோபாலபுரத்தில், ஒரு பழைய பிக்கப்பின் மூக்கை, அதாவது முன்பக்கத்தை, இறக்கப் போன கதை.

2. ரோடு தெரியவில்லை

சாமிநாதன் சார் சபாக்களுக்கு மைக் செட் வாடகைக்கு விட்டவர். ஏதோ ஒரு தூதரகம் ஏலத்தில் கழித்துவிட்ட வெளிநாட்டு பிக்கப்பை வாங்கி, அதில்தான் ஸ்பீக்கர், ஆம்ப்ளிஃபயர் எல்லாம் ஏற்றிப்போவார். ஆறடி உயரம், தொண்ணூற்றைந்து கிலோ. வண்டியின் முன்பக்கம் ரொம்பவே தூக்கலாக இருக்கும். அவர் உயரத்துக்கு அது ஒரு பொருட்டாகவே இல்லை.

அவர் போன பிறகு தொழிலை மாமி எடுத்துக்கொண்டார். வாடகை வண்டி பிடித்து, அதற்கென்று வேலைக்கு வைத்த டிரைவர்கள் இரண்டு பேரும் நிற்கவில்லை. வருஷ திதியான ஆப்திகம் முடிந்ததும் வண்டியை விற்றுவிடலாம் என்று மைத்துனர் நச்சரித்துக்கொண்டிருந்தார். மாமி ஒரு டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்து, ஐம்பத்திரண்டு வயதில், மடிசார் கட்டிய அக்கம்பக்கத்து மாமிகள் எல்லாம் வாய் பிளந்து பார்க்க, லைசென்ஸ் வாங்கிவிட்டார். மார்கழிக் கச்சேரிகளின் முதல் நாளில் மைக் செட் நேரத்துக்கு வந்து சேர்ந்தால் சபா வேலை அவருக்கு. வராவிட்டால் வேறு ஆளுக்கு. சபா செயலாளர் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டாராம்.

சிக்கல் என்னவென்றால் மாமி ஐந்தடிகூட இல்லை. நாற்பத்தைந்து கிலோ இருந்தால் அதிகம்.

"ஸ்டியரிங்கைப் பிடிச்சிண்டு உக்காந்தா ஆகாசம் தெரியறது, பானெட் தெரியறது, ரோடு தெரியலை" என்றார். "ரெண்டு இன்ச் இறக்கிக் குடுங்கோ. ஆனா வண்டியை எடுத்துண்டு போகக் கூடாது. ஆப்திகம் ஆகற வரைக்கும் அவர் வண்டி வாசலைத் தாண்டாதுன்னு ஆத்துல வெச்சிருக்கோம். இங்கேயே செய்யணும்."

வீட்டில் வைத்து இந்த வேலையைச் செய்வது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. நல்ல ஜாக்கி, நாலு ஸ்டாண்டு, கெட்டியான தரை இருந்தால் போதும். அந்த ஷெட்டில் எல்லாம் இருந்தன. மழைக் காலம் என்பதால் உள்ளே பகலிலும் ஒரு மங்கல். கதவைத் திறந்ததும் சார் வெற்றிலையோடு போடும் பன்னீர்ப் புகையிலை வாசனை வந்தது. நீளமான ஒற்றை சீட்டின் இடது பாதியில் ஒரு வருஷத்துத் தூசி படிந்திருந்தது. டிரைவர் உட்காரும் பாதியில் தூசி இல்லை, ஒரு பள்ளம்தான் இருந்தது. மாமி துடைத்திருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். கேட்கவில்லை.

3. கறுப்பு பெயின்ட்

அந்த வண்டிக்கு முன்னால் சுருள் ஸ்பிரிங் கிடையாது. டார்ஷன் பார் என்று பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு நீள இரும்புக் கம்பிகள் சேஸிஸை ஒட்டி ஓடும். ஈரத் துணியைப் பிழிகிற மாதிரி கம்பி முறுகி, அந்த முறுக்கிலேயே வண்டியைத் தாங்கும். பின்முனையில் ஒரு அட்ஜஸ்டிங் போல்ட். அதைத் தளர்த்தினால் மூக்கு இறங்கும், முறுக்கினால் ஏறும்.

போல்ட்டைக் கடைசி வரை தளர்த்தியும் அரை இன்ச்தான் இறங்கியது. ஆகவே முறுக்கு முழுவதையும் விட்டு, இரண்டு பாரையும் உருவி, பின்முனைப் பல்லில் ஒரு பல் தள்ளி மாட்டவேண்டி வந்தது. உருவினேன். துரு. வயர் பிரஷ் போட்டுத் தேய்த்து, மாமி பார்த்து மெச்சட்டும் என்று பளபளவென்று கறுப்பு பெயின்ட் அடித்து, பழைய பேப்பரில் பக்கம் பக்கமாகக் காயப் போட்டேன். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வந்து மாட்டினேன்.

ஒன்றரை இன்ச் இறங்கியது. அதற்கு மேல் இறக்கினால் பள்ளத்தில் அடிக்கும் என்று சொன்னதை மாமி ஒப்புக்கொண்டார். அவரை ஏறி உட்காரச் சொல்லி அளந்தேன். அவர் எடைக்கு டிரைவர் பக்கம் ரெண்டு நூல் இறங்கியது.

"ரோடு தெரியறது!" என்று ஸ்டியரிங்கைத் தட்டினார். கண்ணில் தண்ணீர். எனக்கு அப்போது இருந்த பெருமையை இன்று நினைத்தால் கூசுகிறது.

மறுநாள் காலைதான் நாலு நூல்.

4. சுவரில் இரண்டு கோடு

போல்ட்டை முறுக்கி ஏற்றினேன். ஏற்றிவிட்டு எழுந்தபோதுதான் ஷெட் சுவரில், வலது மட்கார்டு நிற்கும் இடத்துக்கு நேராக, இரண்டு பென்சில் கோடுகள் கண்ணில் பட்டன. மேல் கோட்டருகே 'காலி' என்றும் கீழ்க் கோட்டருகே 'நான்' என்றும் எழுதியிருந்தது.

"அதுவா? டாக்டர் எடையைக் குறைக்கச் சொன்னார். இவர் தராசுல ஏற மாட்டேன்னுட்டார். வண்டில ஏறி உக்காந்துண்டு என்னைக் கோடு போடச் சொன்னார். மாசாமாசம் அளப்போம். அந்தக் கோடு ஏறவே இல்லை" என்று மாமி சிரித்தார்.

நான் இரண்டு கோட்டுக்கும் நடுவே டேப்பை வைத்தேன். சரியாக நாலு நூல்.

அன்று மத்தியானம் மாமி உள்ளே போயிருந்தார். நான் டூல்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தேன். மழை விட்டு, தெருவில் சத்தமே இல்லை. வண்டிக்குள்ளிருந்து 'டிக்' என்று ஒரு ஒலி. சற்று நேரம் கழித்து இன்னொரு 'டிக்'. சுண்ணாம்பு டப்பாவை மூடித் திறக்கிற மாதிரி. இன்ஜின் சூடாக இருந்தால் இரும்பு இப்படிப் பேசும். இந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்து ஒரு வருஷம். நான் அடியில் குனிந்து பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை. கையிலிருந்த ஸ்பானரை அப்படியே வைத்துவிட்டு வாசலில் போய் நின்றுகொண்டேன்.

மூன்றாம் நாள் காலை மறுபடி நாலு நூல். இடது பக்கமும் ஒரு நூல் இறங்கியிருந்தது. முந்தின நாளும் அப்படித்தான் இருந்தது. புதிதாக மாட்டியது படிகிறது என்று அதைத் தள்ளிவிட்டேன். ஒரு நூலை யார் கவனிக்கிறார்கள்? சுவரில் 'நான்' என்று எழுதியிருக்கும்போது யார் இடது பக்கத்தைப் பார்ப்பார்கள்?

போல்ட்டில் ஸ்பானரை வைப்பதற்கு முன்னால் நானே அறியாமல், "சார், கொஞ்சம் இறங்கிக்குங்க, ஏத்தணும்" என்றேன். மாமி ஜன்னலோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அந்த முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

"தினம் விடியக்காலம்பற வந்து பேசறேன் ஏகாம்பரம். ஒரு வருஷமா படத்துக்கு முன்னாடி உக்காந்து பேசினேன், ஒண்ணும் தோணலை. இங்க பேசினா கேக்கறார்." பிறகு யோசித்து, "ஆனா அவர் அங்கேயே உக்காந்திண்டிருந்தா நான் எங்க உக்காரறது, அவர் மடியிலயா?" என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே போல்ட்டை மேலும் ஒரு சுற்று முறுக்கினேன்.

5. கஃபூர் பாய் கேட்டது

நாலாம் நாள் ஆப்திகம். அன்று அந்த வீட்டில் வேலை கூடாது. ராயப்பேட்டையில் கஃபூர் பாயின் பட்டறைக்குப் போனேன். லாரி, வேன்களின் ஸ்பிரிங் பட்டைகளை நெருப்பில் போட்டு வளைப்பவர். இரும்பைப் பற்றி அவருக்குத் தெரியாதது இல்லை. நடந்ததை எல்லாம் சொன்னேன். கோடு, 'டிக்', மாமி பேசுவது, எல்லாம்.

அவர் துருத்தியை நிறுத்தவே இல்லை. "ஆவி கீதோ இல்லியோ, அது அல்லாவுக்குத்தான் தெரியும் நைனா. நீ கம்பி உருவினியே, மார்க்கு பாத்து மாட்னியா?"

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். டார்ஷன் பாரின் முனையில் எல், ஆர் என்று குத்தியிருக்கும். இடதுக்கு எல், வலதுக்கு ஆர். பார்க்க இரண்டும் ஒரே அச்சு. ஆனால் செய்யும்போதே ஒவ்வொன்றையும் ஒரு பக்கமாக முறுக்கிப் பழக்கியிருப்பார்கள். மாற்றி மாட்டினால் பழகாத பக்கம் முறுகும். முதலில் தொய்யும். ஒரு நாள் உடையும்.

மாட்டும்போது நான் மார்க்கைப் பார்க்கவில்லை. பார்க்கவும் முடியாது, பெயின்ட் அடித்திருந்தேன். எது எந்தப் பக்கம் என்று பேப்பரில் வைத்த வரிசையை வைத்துத்தான் மாட்டினேன். இருபது வருஷ அனுபவஸ்தனிடம் இதைக் கேட்பதா என்று எனக்கு ரோஷம் வந்தது.

"பாத்தேன் பாய். அதெல்லாம் பாக்காம மாட்டுவேனா?"

"அப்ப சரி" என்றார் கஃபூர் பாய். ஒரு தரம் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். பிறகு வேலையைக் கவனித்தார்.

என் தொழிலில் நான் சொன்ன பொய்களிலேயே இதுதான் மோசமானது. வேறு எந்தப் பொய்யாலும் ஒரு ஆள் செத்திருக்க முடியாது.

6. போட்டோ

மறுநாள் காலை பத்து மணிக்கு வண்டி முதல் தடவையாக வாசலைத் தாண்ட வேண்டும். சும்மா ஒரு ஓட்டம்: கோபாலபுரத்திலிருந்து கதீட்ரல் ரோடு வழியாக மயிலாப்பூர் குளம் வரை போய்த் திரும்புவது. நான் எட்டுக்கே போய் அளந்தேன். இரண்டு ராத்திரி கழித்தும் அதே நாலு நூல்தான். ஒரு நூல்கூட அதிகம் இல்லை. அதுதான் என்னை உலுக்கியது. போல்ட்டில் இன்னும் கொஞ்சம்தான் மரை மிச்சம் இருந்தது. அதையும் முறுக்கி வண்டியை நேராக்கினேன்.

மாமி பட்டுப்புடவையில் வந்தார். நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தார். ஏறி உட்கார்ந்து கண்ணாடியைத் திருப்பிக்கொண்டார். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். புது பேட்டரி மாட்டியிருந்தேன், சாவியைத் திருப்பியதும் ஒரே உறுமலில் இன்ஜின் பிடித்துக்கொண்டது. கியரில் கை வைத்தவர் சட்டென்று இன்ஜினை நிறுத்தினார்.

"அவர் படத்தை மறந்துட்டேன். டாஷ்போர்டுல வெச்சிண்டு போகணும். இறங்குங்கோ, ஒரு நிமிஷம்."

அவர் இறங்கி வீட்டுப் படியேறினார். நானும் இறங்கி, சக்கரத்தடியில் பழம் நேராக இருக்கிறதா என்று பார்க்க முன்பக்கம் வந்தேன். வண்டியில் யாரும் இல்லை. டிரைவர் பக்கக் கதவு திறந்தே இருந்தது.

அப்போது தொய்யென்று மெல்ல ஒரு சத்தம். பிறகு துப்பாக்கி வெடித்த மாதிரி ஒரு சத்தம். வலது மூக்கு ஒரே அடியாகக் கீழே போய் உட்கார்ந்தது. திறந்திருந்த கதவு தானாக வந்து படாரென்று மூடிக்கொண்டது. யாரோ ஒரு கனத்த ஆள் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தியது போலவே இருந்தது. மட்கார்டு டயர் மேல் படிந்து கிடந்தது. எலுமிச்சம்பழம் நசுங்கி, சாறு சிமெண்டில் ஓடியது.

மாமி படத்தோடு படியில் நின்றார்.

கதீட்ரல் ரோட்டில், முன்னும் பின்னும் பஸ் வரும்போது இது நடந்திருந்தால் ஸ்டியரிங் மாமியின் கையை விட்டுப் போயிருக்கும். அதற்கு மேல் நான் யோசிப்பதில்லை.

7. சொன்னது

அடியில் போய்ப் பார்த்தேன். வலது பார் இரண்டாக உடைந்திருந்தது. பின்துண்டை உருவி, முனையில் இருந்த என் பளபளப்பான கறுப்பு பெயின்ட்டைக் கத்தியால் சுரண்டினேன். எல் என்ற எழுத்து வெள்ளையாக வந்தது.

கொண்டுபோய் மாமியிடம் காட்டினேன். அவர் கூடத்தில் படத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"காப்பாத்திட்டார் பாத்தேளா" என்றார்.

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். அவரும் நிம்மதியாக இருந்திருப்பார், என் பெயரும் கெட்டிருக்காது. அந்த ஆமாம் நாக்கின் நுனி வரை வந்தது. ஆனால் முந்தின நாள் கஃபூர் பாயிடம் சொன்ன 'பாத்தேன்' இன்னும் வாயில் கசந்துகொண்டிருந்தது.

"மாமி, இது என் தப்பு. ரெண்டு கம்பியையும் பக்கம் மாத்தி மாட்டிட்டேன். அதான் தினம் இறங்கிக்கினே இருந்துது. அந்த டிக் சத்தம், அது கம்பி விரிசல் விட்ட சத்தம். நான்தான் பாக்கல."

அவர் அந்த இரும்புத் துண்டை வாங்கி, எழுத்தை விரலால் தடவிப் பார்த்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் தேவலை.

"அப்போ அவர் வரவே இல்லையா?" என்றார்.

ஒரு மனுஷரை இரண்டாம் தடவை சாகடித்துவிட்டேன் என்று தோன்றியது.

8. ஆறு நூல்

கச்சேரிக்கு நாலு நாள். கஃபூர் பாய் என்னோடு புதுப்பேட்டைப் பழைய சாமான் கடைகளுக்கு வந்து, கழித்துப்போட்ட அதே மாதிரி வண்டி ஒன்றிலிருந்து விரிசல் இல்லாத ஜோடி ஒன்றைத் தேடிப் பிடித்தார். வழி முழுக்க என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. மாட்டும்போது மட்டும் பக்கத்தில் குந்திக்கொண்டு, "எழுத்த படி" என்றார். படித்தேன். "சத்தமா படி" என்றார். சத்தமாகப் படித்தேன். வலதுக்கு ஆர், இடதுக்கு எல். இந்தத் தடவை பெயின்ட் இல்லை, கிரீஸ் மட்டும். மறுநாள் வீல் அலைன்மென்ட்டும் பார்த்துக்கொண்டு வந்தேன்.

அதன் பிறகு இரண்டு நாள் காலையும் அளந்தேன். இரண்டு பக்கமும் ஒரே அளவு. ஒரு நூல்கூட அசையவில்லை. மாமி வந்து டேப்பை எட்டிப் பார்த்தார்.

"இறங்கலையா?"

"இல்ல மாமி."

"நல்ல வேலை" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். அன்று வண்டியோடு பேசவில்லை. என் வேலையை யாரும் பாராட்டி நான் அவ்வளவு வருத்தப்பட்டதில்லை.

கச்சேரி நாள் மத்தியானம். சாமான் இன்னும் ஏற்றவில்லை, வண்டி காலி. ஏற்றும் ஆட்கள் வாசலில் பீடி பிடித்துக்கொண்டிருந்தார்கள். மாமி படத்தை டாஷ்போர்டில் வைத்தார். ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தினார். பழக்கதோஷத்தில் நான் குனிந்து டேப்பை வைத்தேன். மாமிக்கு ரெண்டு நூல் என்பது எனக்குத் தெரியும்.

ஆறு நூல் இறங்கியிருந்தது.

டேப்பை எடுத்துத் துடைத்து மறுபடி வைத்தேன். ஆறு. தரையில் படுத்து அடியில் பார்த்தேன். எழுத்துகள் அதனதன் இடத்தில் இருந்தன. போல்ட் நகரவில்லை. கம்பியில் கீறல் இல்லை. இடது பக்கம் அளந்தேன். அது இருந்தபடியே இருந்தது. இந்தத் தடவை மறைக்கக் கூடாது என்று ஜன்னலுக்கு வந்தேன்.

"மாமி, ஆறு நூல் இறங்கி கீது. நான் எல்லாம் பாத்துட்டேன். காரணம் தெரியல. வேணும்னா இன்னிக்கி எடுக்காதீங்க."

மாமி என்னைப் பார்க்கவில்லை. ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் விரல் ஸ்டியரிங் மேல் இரண்டு, பிறகு நாலு என்று எண்ணியது. பிறகு முகத்தை லேசாகத் திருப்பி, யாரும் இல்லாத பக்கம் பார்த்து, வீட்டில் தினம் சொல்கிற சலிப்போடு சொன்னார்:

"கொஞ்சம் தள்ளி உக்காருங்கோ, கியர் போடணும்."

போட்டார். வண்டி அலுங்காமல் வாசலைத் தாண்டியது. சாமான் ஏற்றிக்கொண்டு நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. சபா வேலை மாமியிடமே இருந்தது. அந்த வண்டியை அவர் அதற்குப் பிறகு ஒன்பது வருஷம் ஓட்டினார். நான்தான் சர்வீஸ் பார்த்தேன்.

புதிதாக இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். கழற்றுவதற்கு முன்னால் மார்க்கைப் படியுங்கள். மார்க் இருக்கும் இடத்தில் பெயின்ட் அடிக்காதீர்கள். வண்டி விசித்திரமாக நடந்துகொண்டால் முதலில் உங்கள் கையைச் சந்தேகப்படுங்கள். பார்த்தாயா என்று யாராவது கேட்டால், பார்க்கவில்லை என்றால் பார்க்கவில்லை என்று சொல்லுங்கள்.

அந்த ஆறு நூலை அன்று நான் பார்த்தேன். இரண்டு பாரிலும் எழுத்தையும் பார்த்தேன். மார்க் சரியாகத்தான் இருந்தது.